நான் பெறாத ரமேஷ்

அட்டெண்டர் வேலை என்றால் கதவு திறக்கணும், டீ கொண்டு வரணும், கடைசி ஆள் போனதும் ஃபேனை நிறுத்தணும் என்று எல்லாம் சொல்லித்தான் சேர்த்துக்கொள்வார்கள். பிள்ளை வளர்க்கணும் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் வேலை பார்ப்பது திருப்பதியில் ஒரு காலேஜில், சைக்காலஜி டிபார்ட்மெண்டில். பள்ளிக்கூடத்துப் பிள்ளை அடம் பிடித்தால், படிப்பு ஏறாவிட்டால், யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டால், அதைக் கூப்பிட்டு வைத்து என்ன ஏது என்று பார்க்கிறவர்களை இங்கேதான் தயார் பண்ணுகிறார்கள். டிகிரி முடித்துவிட்டு வந்து, மேலே ரெண்டு வருஷம் இதற்கென்றே படிக்கிறார்கள். நான் படித்தது நகரியில், ஐந்தாவது வரை, தமிழில். இங்கே பேச்செல்லாம் தெலுங்கு, பாடமெல்லாம் இங்கிலீஷ். காதில் விழுந்ததை எனக்குப் புரிந்த மாதிரி தமிழில் சொல்கிறேன். என்னைப் போல ஏதாவது ஒரு ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற அக்கா தங்கச்சிகள், அண்ணன் தம்பிகள் இதைப் படித்தால், உங்களுக்கும் இப்படி ஏதாவது ஆகியிருக்கும். ஆகவில்லை என்றால் இனிமேல் ஆகும். ஜாக்கிரதையாக இருங்கள்.

ரமேஷ் வந்த விதம்

முதல் வருஷத்துப் பிள்ளைகளை நேராக நிஜமான தாயிடமோ குழந்தையிடமோ விட மாட்டார்கள். முதலில் நடித்துப் பழகணும். ஒருத்தர் கவுன்சிலர், எதிரில் ஒருத்தர் கஷ்டம் சொல்ல வந்தவர். முன்னெல்லாம் அவர்களுக்குள்ளேயே நடித்துக்கொள்வார்கள். மீசை சரியாக முளைக்காத பையன் ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்து, "என் மகன் சரியா சாப்பிடறதே இல்லைங்க" என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? பார்த்தார் சுசீலா மேடம். அவர்தான் எங்கள் டிபார்ட்மெண்டுக்குப் பெரியவர். டீ கிளாஸ் எடுக்கப் போன என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். ஒரு அட்டையை எடுத்துப் படித்துக் காட்டினார். நான் ஒரு தாய். என் மகன் பெயர் ரமேஷ். நாலாங்கிளாஸ். கூடப் படிக்கிற பிள்ளைகளைக் கடிக்கிறான். அவ்வளவுதான்.

எதிரில் உட்கார்ந்தவன் கடப்பா பக்கத்துப் பையன். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று மரியாதையாகக் கேட்டான். "ரெண்டு பொண்ணு. பெரியவளைப் புத்தூர்ல குடுத்திருக்கேன். சின்னவ இங்கதான், என்கூட" என்றேன். மூலையில் இருந்த மேடம் கையைத் தூக்கினார். "ரமேஷ் எங்கே?" என்றார். ரமேஷும் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அதற்காகப் பெற்ற பெண்களை இல்லை என்று எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. "அப்ப மொத்தம் மூணுன்னு எழுதிக்கட்டுமா மேடம்?" என்று அந்தப் பையன் பேனாவைத் திறந்தான்.

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சரோஜம்மா, பொண்ணுங்களை வாசல்லயே விட்டுட்டு வா. இந்த ரூமுக்குள்ள உனக்கு ரமேஷ் ஒருத்தன்தான்."

கட்டைப் பெட்டி

ரமேஷோடு விட்டார்களா? அலமாரியில் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டைகள். ஒரு படத்தைக் காட்டுவார்கள். அது மாதிரியே கட்டைகளை அடுக்கணும். எதிரில் ஒருத்தர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளின் புத்தியை அளக்கிற சாமானாம். அதையும் என்னை வைத்துத்தான் பழகினார்கள். முதல் தடவை ஒவ்வொரு கட்டைக்கும் நிமிர்ந்து பார்த்தேன். "சரியா இருக்கா கண்ணு?" என்று கேட்டால், "நல்லா முயற்சி பண்றீங்க" என்பார்கள். சரி என்றும் சொல்ல மாட்டார்கள், தப்பு என்றும் சொல்ல மாட்டார்கள். முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்ளணும், அதுதான் சட்டம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் புத்தி இருக்கிறதா இல்லையா என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.

வருஷங்கள் போயின. பேட்ச் மாறும், முகங்கள் மாறும், கட்டையும் படமும் மட்டும் அதேதான். ஒரு தடவை புதிதாக வந்த பெண் ஒருத்தி எனக்குப் படத்தைக் காட்டினாள். அவள் கடிகாரத்தை அழுத்துவதற்குள் நான் அடுக்கி முடித்துவிட்டேன். அடுத்த படத்தை அவள் எடுக்கவே இல்லை, அதற்கும் அடுக்கிவிட்டேன். அந்தப் பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். "மேடம், மேடம்! நம்ம சரோஜம்மாவோட புத்திக்கு இந்த மார்க் புத்தகத்துல நம்பரே இல்ல மேடம்!"

மேடம் வந்து என்னையும் பார்த்தார், கட்டைகளையும் பார்த்தார். "ஒருத்தருக்கு ஒரு தடவைக்கு மேல வைக்கக் கூடாதுன்னு பாடம் நடத்துறேன். நீங்க வருஷா வருஷம் இவளுக்கே வச்சா, இவளுக்கு மனப்பாடம் ஆகாம உனக்கா ஆகும்?"

சொன்னதைச் சொல்வது

இந்தப் படிப்பில் ஒரு பாடம் இருக்கிறது. எதிராளி சொன்னதை நாம் திருப்பி அவருக்கே சொல்லணும். புத்தி சொல்லக் கூடாது, சமாதானம் சொல்லக் கூடாது. "உங்களுக்கு இப்படி இருக்கு போல" என்று மட்டும் சொல்லணும். அந்தப் பாடம் நடக்கிற வாரத்தில் டிபார்ட்மெண்டில் யாரோடும் பேச்சு கொடுக்க முடியாது.

அப்படி ஒரு வாரத்தில் டீ பிளாஸ்க் சாய்ந்து என் கையில் கொட்டிவிட்டது. பக்கத்தில் இருந்தவன் மகேஷ், மதனப்பள்ளிப் பையன், ரொம்ப நல்ல பிள்ளை. ஓடி வந்தான்.

"ஐயோ, கை சுட்டுடுச்சே" என்றேன்.

"கை சுட்டுடுச்சுன்னு சொல்றீங்க."

"ஆமாம்பா, எரியுது."

"எரியறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு."

"கஷ்டமாத்தான் இருக்கு. மருந்து எதுனா இருக்குதா பாரு."

"மருந்து இருந்தா நல்லா இருக்கும்னு நினைக்கிறீங்க."

தலையைச் சாய்த்து, கண்ணை இமைக்காமல், அவ்வளவு அக்கறையாக என்னையே பார்க்கிறான். திட்டவும் மனசு வரவில்லை. கடைசியில் வாட்ச்மேன் செங்கல்ராயன் சத்தம் கேட்டு வந்து என் கையைக் குழாயில் காட்டினான். தண்ணீர் ஓட ஓட, தன் பங்குக்கு அவனும் ஒன்று சொன்னான்: "அக்கா, இவனுங்க படிச்சு முடிச்சு வெளிய போறதுக்குள்ள நீ ஒரு இன்சூரன்ஸ் போட்டுக்கோ."

தேவகி

மகேஷ் பேட்சில்தான் தேவகி வந்தாள். நகரிப் பெண். வீட்டில் பவர்லூம். என் பேச்சைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டாள். "நீங்கோ நம்ம பக்கமா?" என்றாள். அன்றையிலிருந்து நான் அவளுக்குப் பெரிம்மா. வாய் ஓயாது. கை சும்மா இருக்காது. யார் அழுதாலும் கூட உட்கார்ந்து அழுவாள். இந்த வேலைக்கு இவளை விட்டால் ஆள் கிடையாது என்று நான் நினைத்தேன்.

முதல் வருஷக் கடைசியில் பரீட்சை. ரூமில் ரெண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், கண்ணைத் துடைக்கப் பேப்பர் டப்பா. மூலையில் சுசீலா மேடம். நான் வழக்கம் போல ரமேஷின் அம்மா. "நேத்தும் ஒரு பையனைக் கடிச்சிட்டான்மா. எல்லார் எதிர்லயும் மிஸ்ஸு என்னை நிக்க வச்சுக் கேட்டாங்க" என்று சொல்லும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழக்கமாகிவிட்டது, கூப்பிட்டால் வரும். தேவகி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கணும். அவ்வளவுதான் பரீட்சை. எழுந்து வந்துவிட்டாள். தன் துப்பட்டாவாலேயே என் கண்ணைத் துடைத்தாள். என் தோளைக் கட்டிக்கொண்டாள். மூலையில் மேடம் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"அழாத பெரிம்மா. சாயங்காலம் நானே வீட்டுக்கு வரேன். முதுகுல நாலு சாத்து சாத்தினா கடிக்கறது தானா நின்னுடும்."

தேவகியின் நைனா

ஃபெயில்தான், வேறென்ன? பிள்ளையை அடிக்கிறேன் என்று சொன்ன கவுன்சிலரை எங்கள் மேடம் அதற்கு முன் பார்த்ததே இல்லையாம். ஆனாலும் அவளை அனுப்பிவிடவில்லை. ரெண்டாம் வருஷக் கடைசியில் இன்னொரு வாய்ப்பு. வெளியூரிலிருந்து ஒரு சார் வந்து வைப்பார். அதிலும் தேறாவிட்டால் சர்ட்டிபிகேட் கிடையாது. படித்ததெல்லாம் படித்ததோடு போகும்.

சேதி கேட்டு அவள் நைனா நகரியிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். தோளில் துண்டு, முடியில் நூல் பஞ்சு. மேடத்திடம் பேசக் கூச்சம். என் ஸ்டூல் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போன வருஷமே கேட்டாங்கம்மா. படிக்கட்டும்னு நான்தான் நிறுத்தி வச்சேன். மறுபடியும் தேறலைன்னா அவ்வளவுதான், கூட்டிக்கினு போயிடுவேன். அது சரி, இவ இன்னாதான் படிக்கிறா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "எதிர்ல இருக்கறவங்க சொல்றதைக் கேட்டுக்கினு இருக்கணும்பா."

"கேட்டுக்கினு?"

"கேட்டுக்கினு சும்மா இருக்கணும்."

மனுஷர் தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சும்மா இருக்கறதுலயா என் பொண்ணு ஃபெயிலாயிட்டா?"

தெரிந்தவள் பார்க்க மாட்டாள்

ரெண்டாம் வருஷம் தேவகி மாறிப்போனாள். பேச்சு குறைந்துவிட்டது. எது கேட்டாலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அந்தச் சமயத்தில் என் சின்னவளின் மகள், ஒண்ணாங்கிளாஸ், ஸ்கூல் பஸ்ஸைப் பார்த்தாலே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. கையில் வெண்ணெய் மாதிரி தேவகி இருக்கும்போது நான் ஏன் ஊரெல்லாம் அலையணும்? சின்னவளையும் குழந்தையையும் டிபார்ட்மெண்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

தேவகி குழந்தையைக் கொஞ்சினாள். பிஸ்கட் கொடுத்தாள். ஆனால் ரூமுக்குள் கூட்டிப் போக மாட்டேன் என்றாள். "எனக்கு உங்களைத் தெரியும் பெரிம்மா. தெரிஞ்சவங்களை நாங்க பாக்கக் கூடாது. தெரியாதவங்ககிட்டதான் அனுப்பணும். அப்படித்தான் ரூல்." கூடவே நடந்து போய் மகேஷிடம் விட்டுவிட்டு வந்தாள். அவனுக்கும் என்னைத் தெரியும், ஆனால் அவனுக்கு நான் பெரிம்மா இல்லையாம். எனக்கு முகம் தொங்கிவிட்டது. நல்லது கெட்டது என்றால் தெரிந்தவர்களிடம் போவதுதானே நம் வழக்கம்? ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் தெரிந்தவராக இருந்தால் சீக்கிரம் வேலை ஆகும். ஆபீஸில் கிளார்க் தெரிந்தவராக இருந்தால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும். தெரிந்தவள் என்பதற்காகவே பார்க்க மாட்டேன் என்கிற இடத்தை நான் இங்கேதான் பார்த்தேன்.

மகேஷ் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து பஸ் படம் வரைந்தான். அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிட்டது, அது வேறு விஷயம். வெளியே காத்திருந்தபோது என் மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "ஏம்மா, இங்க இருக்கற யாருக்கும் உன்னைத் தெரியாம இருந்திருந்தா, நம்மளை உள்ளயே விட்டிருக்க மாட்டாங்களே?"

சித்தூர் பெஞ்ச்

ரெண்டாம் வருஷத்தில் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வேலை பழகணும். தேவகிக்குச் சித்தூரில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே இருந்த ஹெட்மிஸ்ட்ரஸுக்கு இவளைப் பிடித்துப்போய்விட்டது. "ஜூன்ல சர்ட்டிபிகேட்டோட வா, வேலை உனக்குத்தான். இல்லைன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தேவகிக்குத் தூக்கம் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் போயிற்று.

ஒரு நாள் கட்டைப் பெட்டியைக் கொண்டு போய் அவளிடம் கொடுக்கச் சொல்லி மேடம் என்னை அனுப்பினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சித்தூர் போய்ச் சேர்ந்தேன். கவுன்சிலிங் ரூம் வாசல் பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். உள்ளே அவள் பெண். அதுவும் கடிக்கிறதாம்! பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாய் சும்மா இருந்ததா? "என் பையன் ரமேஷ், நாலாங்கிளாஸ், அவனும் இப்படித்தான்மா கடிக்கிறான்" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தினாள். "இப்ப நிறுத்திட்டானா?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். நிறுத்திவிட்டான் என்றால் அது பொய். அவன் எப்போது நிறுத்தினான்? போன வாரம் கூட முதல் வருஷத்து ரூமில் கடித்துக்கொண்டுதான் இருந்தான். "இல்லம்மா, எத்தனையோ வருஷமா கடிச்சிக்கினுதான் இருக்கான்" என்றேன். நான் சொன்னதில் எது பொய், எது நிஜம் என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆனால் அந்த அம்மா முகம் தெளிந்துவிட்டது. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் தேவகியிடம் நடந்ததைச் சொல்லி, "நான் செஞ்சது தப்பாடி?" என்று கேட்டேன். அவள் பையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "புக்குல இது வரல பெரிம்மா" என்றாள்.

அந்தச் சித்தூர் அம்மா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உன் பையன் நாலாங்கிளாஸா? அப்ப என் பொண்ணு தேவலை, ரெண்டாங்கிளாஸ்தான். நீ தைரியமா இரு அக்கா."

சட்டை

பரீட்சை நெருங்க நெருங்க, மத்தியான வேளையில் நானும் தேவகியும் காலி ரூமில் உட்கார்ந்து பழக ஆரம்பித்தோம். அவள் கையை மடியில் கட்டிக்கொண்டு உட்காருவாள். நான் ரமேஷைப் பற்றிச் சொல்வேன். அட்டையில் இருந்தது நாலு வரிதான், அதையே எத்தனை நாள் சொல்வது? தினமும் கொஞ்சம் சேர்த்தேன். தக்காளிப் பச்சடி இல்லாமல் சோறு துன்ன மாட்டான். நாய் என்றால் உயிர். மழை வந்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவான். தேவகி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். எழுந்து வர மாட்டாள். அடிக்கிறேன் என்று சொல்ல மாட்டாள். அவள் கால் மட்டும் மேஜைக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும்.

ஒரு சாயங்காலம் ரெண்டு பேரும் கடைத்தெருவில் நடந்து போனோம். ஸ்கூல் திறக்கிற சமயம். ஒரு கடை வாசலில் வெள்ளைச் சட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றைத் தடவிப் பார்த்தேன். துணி நன்றாக இருந்தது. "நாலாங்கிளாஸ் பையனுக்கு எடுங்க" என்று சொல்லிவிட்டேன். தேவகியும், "கொஞ்சம் லூசாவே எடுங்க, வளர்ற பையன்" என்றாள். கடைக்காரர் மேலே ஏறி எடுத்துக்கொண்டே, "வயசு எத்தனை? உயரம் எவ்வளவு?" என்று கேட்டார். நான் தேவகியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் ரெண்டு பேருக்கும் உறைத்தது. இத்தனை சேர்த்தோமே, உயரத்தைச் சேர்க்க மறந்துவிட்டோம்!

மேலே ஏறினவர் ஏணியிலேயே நின்று எங்களைப் பார்த்துக் கேட்டார்: "வயசு தெரியாது, உயரம் தெரியாது, என்னம்மா பிள்ளை வளர்க்கறீங்க ரெண்டு பேரும்?"

வெளியூர் சார்

பரீட்சை அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். கழுத்தில் தொங்குகிற காலேஜ் அட்டையைக் கழற்றிவிடச் சொன்னார் மேடம். அன்றைக்கு டீயும் என்னைக் கொண்டு வர விடவில்லை, செங்கல்ராயன் கொண்டு போனான். வெளியூர் சார் ஒல்லி. சிரிக்கிற முகம் இல்லை. மூலையில் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்துகொண்டார். மகேஷ் வேறு ஒருத்தரோடு உட்கார்ந்து முடித்துவிட்டுப் போனான். அடுத்தது தேவகி. வாசலுக்கு வெளியே அவள் நைனா துண்டைப் பிழிந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே போனேன். ஊருக்குப் போகிற ரயில் சாயங்காலம். பெண்ணின் பெட்டியை எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று தெரியாமல் வந்திருந்தார்.

உட்கார்ந்தேன். இன்னும் வாயைக்கூடத் திறக்கவில்லை. தேவகி அழகாகத் தலையைச் சாய்த்தாள். "சொல்லுங்க பெரிம்மா, ரமேஷ் இன்னும் கடிக்கிறானா?"

சார் பேனாவைக் கீழே வைத்தார். "நில்லும்மா. அந்த அம்மா இன்னும் பேரையே சொல்லலை. பையன் பேரு ரமேஷ்னும், அவன் கடிக்கிறான்னும் உனக்கு யார் சொன்னது?"

பாருங்கள், பழகினது அதிகமாகிப் போனதை! தேவகி முகத்தில் ரத்தம் இல்லை. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார். எனக்கு அவளைக் காப்பாற்றணும் என்கிற ஒன்றைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. "எங்க ஊர்ப் பொண்ணு சார். என்னை நல்லாத் தெரியும் சார். எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று கொட்டிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த ரூல் ஞாபகம் வந்தது. தெரிந்தவர்களைப் பார்க்கக் கூடாது! குழியில் விழுந்தவளைத் தூக்கிவிடப் போய் மேலே மண்ணையும் தள்ளிவிட்டேன்.

தேவகி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பெரிம்மா, அவர் கேட்டது சரிதான். எனக்கு உங்களையும் தெரியும், ரமேஷையும் தெரியும். அதனால நான் உங்களைப் பாக்கறது சரியில்ல. உங்களுக்கு உதவி வேணும், அது எனக்குப் புரியுது. வேற ஒருத்தர்கிட்ட நானே உங்களைக் கூட்டிக்கினு போய் விடறேன்."

நடிப்பு எங்கே முடிந்தது, நிஜம் எங்கே ஆரம்பித்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. மத்தியானமெல்லாம் உட்கார்ந்து இந்தப் பிள்ளையை நாம் ரெண்டு பேரும்தானே வளர்த்தோம்? "இத்தினி நாளா கேட்டியே, இப்ப பாக்க மாட்டேன்னா, நான் அவனைத் தூக்கிக்கினு எங்க போவேன்?" என்று கேட்டுவிட்டு அழுதேன். கூப்பிட்டு வந்த அழுகை இல்லை அது. தேவகி எழுந்து வரவில்லை. துப்பட்டாவை எடுக்கவில்லை. பேப்பர் டப்பாவை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தாள். மேஜைக்குக் கீழே பார்த்தேன், கால் ஆடவில்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் இருந்தாள். பிறகு மெதுவாக, "நான் உங்களை விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு உங்களுக்கு" என்றாள்.

"ஆமாடி" என்றேன். மகேஷ் சொன்ன அதே கிளிப்பிள்ளைப் பேச்சுதான். சொன்னதைத் திருப்பிச் சொன்னாள், வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. எப்படி இறங்கியது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நானும் தேவகியும் அவள் நைனாவும் வராந்தாவில் நின்றோம். கதவைத் திறந்துகொண்டு மேடம் வந்தார். "பாஸ்" என்றார். "ஆள் தப்புன்னு தெரிஞ்சதும் நிறுத்தத் தெரிஞ்சுதே, அதுக்குத்தான் மார்க்குன்னு சார் சொல்றார். முதல் கேள்விக்கு மட்டும் சைபர்." தேவகி என்னைக் கட்டிக்கொண்டாள். இப்போது கட்டிக்கொள்ளலாம், ரூமுக்கு வெளியேதானே? நைனா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். ஜூன் மாதம் அந்தப் பெட்டி சித்தூருக்குப் போனது.

வெளியூர் சார் ஆட்டோ ஏறப் போனவர், என்னைப் பார்த்ததும் திரும்பி வந்தார். நான் நடிக்க வந்தவள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் மறந்துவிட்டாரா, தெரியாது. முகத்தில் சிரிப்பும் இல்லை, விளையாட்டும் இல்லை. பையிலிருந்து தன் விலாசம் அச்சடித்த அட்டையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கவலைப்படாதேம்மா, லீவு முடியறதுக்குள்ள ரமேஷை எங்க ஊருக்குக் கூட்டிக்கிட்டு வா, நானே பாக்கறேன்."

இந்தப் பிள்ளையை வைத்து எத்தனையோ பேர் பாஸ் பண்ணி வேலைக்கும் போய்விட்டார்கள், அவன் மட்டும் இன்னும் நாலாங்கிளாஸைத் தாண்டவில்லை.